அரத்துக்குத் தப்பும் முத்திரைகள்

குழல்வாய் வழியே மருந்து கெட்டிக்கும் பழந்துப்பாக்கிகளை இன்றும் கையால் செய்வோர் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டுத் தோற்றம் வேண்டி, குழலிலுள்ள இக்காலத் தயாரிப்பாளர் பெயரை அரத்தால் ராவிவிடுவர். ஆயினும் எல்லாக் குறியும் வேண்டாதவை அல்ல. 1637இல் அரச சாசனம் பெற்ற லண்டன் துப்பாக்கிக் கைவினைஞர் சங்கமும், 1813இல் சட்டத்தால் அமைந்த பர்மிங்ஹாம் சோதனைச்சாலையும், மிகுதியாக மருந்திட்டு வெடித்துப் பார்த்த பின்னரே குழலில் முத்திரை குத்தின. சுடுபவரின் உயிருக்கு அது சான்று. கிழக்கிந்தியக் கம்பெனித் துப்பாக்கிகளின் இதய வடிவக் குறியோ, அவை எவருடைய உடைமை என்பதைச் சொல்வது.

இன்னொன்று: முத்திரை அடித்த இடத்தில் அடியுலோகமும் நசுங்கிவிடுகிறது. ராவிய எழுத்தைத் தடயவியலார் அமிலம் தடவி மீட்க முடிவது இதனால்தான். அரத்தை எடுக்குமுன், அழியவேண்டியது எது, இருக்கவேண்டியது எது என்று ஒருமுறை பார்ப்பது நன்று.