சத்திரமும் லாட்ஜும்

திருச்சி மலைக்கோட்டைக்கு அருகிலுள்ள பேருந்து நிலையத்தின் பெயர் சத்திரம். வழிப்போக்கர் தங்கிய ஒரு காலம் அப்பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்நகரைத் தலைநகராகக் கொண்டு 1689 முதல் 1706 வரை ஆண்ட ராணி மங்கம்மாள் இன்றும் பேசப்படுவது சாலைகளுக்காகவும் சத்திரங்களுக்காகவும்தான். மதுரை ரயில் நிலையத்தின் எதிரில் அவர் பெயரால் ஒன்று நிற்கிறது.

பழைய சத்திரங்கள் பலவற்றில் காசு கேட்டதில்லை. சாதியைக் கேட்டார்கள். யாருக்கு எந்தப் பந்தி, யார் திண்ணையோடு நிற்க வேண்டும் என்பதெல்லாம் முன்பே முடிவானவை. (அன்னதானத்தைப் புகழ்வோர் இதை மட்டும் விட்டுவிடுவார்கள்.) திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த தென்னிந்திய ரயில்வேயின் நிலையங்களிலும் ‘பிராமணாள்’, ‘இதராள்’ என்று உணவறைகள் பிரிந்தே இருந்தன. பெரியார் இயக்கத்தின் தொடர்ந்த எதிர்ப்புக்குப் பின் 1941இல்தான் அது ஒழிந்தது.

மத்தியப் பேருந்து நிலையத்தைச் சுற்றி முளைத்த நடுத்தர லாட்ஜுகளை எந்த வரலாற்றாசிரியரும் பொருட்படுத்தியதில்லை. ஒரு கட்டில், ஒரு வாளி, இருபத்து நான்கு மணிநேரக் கணக்கு. பதிவேட்டில் பெயர், ஊர், வந்த காரியம். வாடகை கொடுத்தவருக்குச் சாவி. சத்திரம் தராத ஒரு மரியாதை இந்த எளிய வியாபாரத்தில் இருந்தது என்றே நினைக்கிறேன்.

ஸ்ரீரங்கத்தில் 2014இல் திறக்கப்பட்ட யாத்ரி நிவாஸில் அறநிலையத் துறையே வாடகைக்கு அறை தருகிறது. 2025இல் வெளியூர்ப் பேருந்துகள் பஞ்சப்பூரின் புதிய முனையத்துக்குப் போய்விட்டன. நள்ளிரவில் பெட்டியோடு இறங்கி, எதிர்ப்பட்ட லாட்ஜில் அறை கேட்ட பயணியும் அவற்றோடு போய்விட்டார்.