ஆயிரம் அடி

மாமல்லபுரம் கடற்கரையில் ராத்திரி உட்கார்ந்தால் வடக்கே மீனம்பாக்கத்துக்கு வந்து போகும் விமானங்களின் விளக்குகள் தெரியும். சில சமயம் இரண்டு விளக்குகள் தொட்டுக்கொண்டு பிரிவது மாதிரி இருக்கும். நடுவில் பல மைல் தூரமாவது, ஆயிரம் அடி உயர வித்தியாசமாவது இருக்கும் என்பது விதி.

1996 நவம்பர் 12 மாலை, அந்த ஆயிரம் அடி காணாமல் போனது. டெல்லியிலிருந்து சவூதிக்குக் கிளம்பிய போயிங் 747இல் 312 பேர். பெரும்பாலோர் வேலைக்குப் போகிற இந்தியர்கள். எதிரே கஜகஸ்தானிலிருந்து 37 பேருடன் ஓர் இல்யூஷின் இறங்கிக்கொண்டிருந்தது. டெல்லி வான்வெளியில் பெரும்பகுதி அப்போது விமானப்படையிடம் இருந்ததால் வரவும் போகவும் ஒரே பாதைதான்.

விமானங்கள் மோதிக்கொண்டால் நம் சந்தேகம் முதலில் தரையில் இருக்கும் கட்டுப்பாட்டாளர் மேல்தான் போகும். அவரோ சரியாகத்தான் சொன்னார்: போயிங் 14,000 அடி, இல்யூஷின் 15,000. எதிரே 747 வருகிறது என்றும் எச்சரித்தார். பதிலும் வந்தது. அவருடைய ரேடார் புள்ளியைக் காட்டும், உயரத்தைக் காட்டாது. விமானத்திலிருந்து சொல்வதை நம்பியே ஆகவேண்டும்.

நெட்வொர்க் வேலை செய்கிறவர்களுக்கு இது தெரிந்த கதை. 'அக்னாலெட்ஜ்மென்ட்' வந்தால் செய்தி போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம், அவ்வளவுதான். அதன்படி யாராவது நடந்தார்களா என்பது வேறு கேள்வி.

இல்யூஷினில் பதில் சொன்னவர் ரேடியோ ஆபரேட்டர். விமானத்தை ஓட்டியவர்கள் வேறு. அவர் முன்னால் உயரமானியே கிடையாது. விமானிகளின் தோளுக்கு மேல் எட்டித்தான் பார்க்கவேண்டும். விமானம் 15,000 அடியில் நிற்காமல் 14,000க்கும் கீழே போய்விட்டது. கடைசி நொடிகளில் பார்த்துவிட்டு, மேலே ஏறச் சொன்னார். ஏறினார்கள். ஏறாமல் இருந்திருந்தால் அநேகமாக 747க்கு அடியில் கடந்து போயிருப்பார்கள். வால் மோதி போயிங்கின் இடது இறக்கை அறுந்தது. ஹரியானாவில் சர்க்கி தாத்ரி பக்கத்து வயல்களில் 349 பேரும் விழுந்தார்கள்.

நீதிபதி லகோத்தி விசாரணை ஆணையம் கஜக் விமானக் குழுவைப் பொறுப்பாக்கியது. அதன் பிறகு இந்திய வான்வெளியில் மோதல் எச்சரிக்கைக் கருவி கட்டாயமானது.

கருவியாவது மாற்றிச் சொல்லாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 2002 ஜூலை 1, ஜெர்மனியின் யூபர்லிங்கன் மேலே ஒரு ரஷ்ய விமானத்திடம் கருவி ஏறச் சொன்னது. சூரிக்கில் தனியாளாக இரண்டு திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்த கட்டுப்பாட்டாளர் இறங்கச் சொன்னார். விமானிகள் மனிதக் குரலைத்தான் கேட்டார்கள். 71 பேர்.