தலைகீழாய் விழும் உலகம்

கண்ணுக்குள் பிம்பம் தலைகீழாக விழுகிறது, மூளை அதை நிமிர்த்திக்கொள்கிறது. பள்ளி நாள்களிலிருந்து நாம் ஒப்பித்து வரும் செய்தி இது. இதன் முதற்பாதியை ஏற்கவே மனிதர்களுக்குப் பல நூற்றாண்டுகள் பிடித்தன. இரண்டாம் பாதியைப் பற்றித்தான் நமக்கு ஐயம்.

பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-ஹைதம் ஒளியியல் குறித்து ஏழு பாகங்களில் ஒரு பெருநூல் எழுதினார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தீண்டுகிறது என்ற பழங்கொள்கையை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணுள் நுழைகிறது என்று நிறுவியவர் அவர். அத்தகையவராலும் பிம்பம் கவிழ்வதை ஏற்க இயலவில்லை. ஒளியை உணர்வது கண்ணின் முன்பகுதியிலுள்ள வில்லையே என்று கொண்டு, கதிர்கள் ஒன்றையொன்று வெட்டிக் கடக்குமுன்பே பார்வை நிகழ்ந்துவிடுவதாக வகுத்தார். பின்னர் வந்த லியோனார்டோ டா வின்சியோ, கதிர்களைக் கண்ணுக்குள் இருமுறை கவிழச் செய்து நேராக்கினார். நேராகத் தெரிவது நேராகவே பதிந்தாக வேண்டும் என்ற நம்பிக்கை அவ்வளவு வலியது.

1604இல் அதை உடைத்தவர், பிராக் நகரில் பேரரசரின் கணிதராக இருந்த யோகான்னஸ் கெப்ளர். அவரும் இரண்டாவது கவிழ்ப்பைத் தேடி நெடுநாள் வருந்தியவர்தான். கணக்கு இடங்கொடுக்கவில்லை. பிம்பம் விழித்திரையில் தலைகீழாகவே விழுகிறது என்று எழுதிவிட்டு, அதற்குப் பின் நிகழ்வதை இயற்கைத் தத்துவவாதிகளிடம் ஒப்படைத்து ஒதுங்கிக்கொண்டார். அந்த ஒதுங்கலை நாம் பெரிதும் மதிக்கிறோம். 1637இல் தெக்கார்த், எருதின் கண்ணைப் பின்புறம் சீவி, மெல்லிய தாளொன்றைப் பொருத்தி, கவிழ்ந்த காட்சியைக் கண்ணாலேயே காணும் முறையை விவரித்தார்.

பின் நிகழ்வதைத் தம் உடம்பிலேயே சோதித்தவர் ஜார்ஜ் ஸ்ட்ராட்டன். கலிபோர்னியாவில் 1890களில், ஒரு கண்ணை மூடிவிட்டு மறு கண்ணில் காட்சியைக் கவிழ்க்கும் வில்லைக்குழலை அணிந்தார். விழித்திரைப் பிம்பம் இப்போது நேர், உலகமோ தலைகீழ்! நீட்டிய கை தவறான இடத்துக்குச் சென்றது. தலையை அசைத்தால் காட்சி முழுதும் சுழன்றது. எட்டு நாள் நீண்ட இரண்டாம் சோதனையில், நாள் செல்லச்செல்ல இயல்பாக நடமாடினார். சில வேளைகளில் எல்லாம் நேராக இருப்பதாகவும் உணர்ந்தார்.

‘மூளை படத்தைத் திருப்பிவிட்டது’ என்ற கதை இதிலிருந்தே பரவியது. ஸ்ட்ராட்டன் எழுதியது அத்தனை எளிதானதல்ல. 1999இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் சிலருக்கு இத்தகைய கண்ணாடியைப் பல நாள் அணிவித்துச் சோதித்தார்கள். கையும் காலும் பழகிக்கொண்டன. காட்சி மட்டும் நிமிரவேயில்லை.

நிமிர்த்த வேண்டிய படம் ஒன்று இருந்தால், அதை உள்ளிருந்து பார்க்க ஒருவர் வேண்டும். அப்படி யாரும் அங்கில்லை. விழித்திரையின் எந்தப் புள்ளி தூண்டப்பட்டால் கை எத்திசையில் நீள வேண்டும் என்ற உறவு மட்டுமே இருக்கிறது.

வாசகர் இதை இப்போதே சோதிக்கலாம். கண்களை மூடி, விழியை மூக்குப் பக்கம் திருப்பி, இமையின் வெளியோரத்தை விரலால் மிக மென்மையாக அழுத்துங்கள். மங்கலான வளையம் ஒன்று, விரல் இருக்கும் பக்கத்தில் அல்ல, மூக்கின் பக்கத்தில் தோன்றும்.