பதிவேட்டில் குறைந்த காசநோய்

2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் ஊரடங்கை அறிவித்தது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அன்று உலகக் காசநோய் தினம் என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? 1882இல் அதே தேதியில்தான் ராபர்ட் கோக் பெர்லினில் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த செய்தியைச் சொன்னார்.

தமிழ்நாட்டின் முதல் கொரோனா நோயாளி காஞ்சிபுரத்தைச் சேர்ந்தவர் என்று மார்ச் 7 அன்று செய்தி வந்தது. முந்தின வருடம் அத்திவரதருக்காக 48 நாள் தலைகளாகவே தெரிந்த சின்ன காஞ்சிபுரத்து வீதிகள் வெறிச்சோடின. இருமினாலே அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்தது. வாசலில் தகரம் அடித்துவிடுவார்கள், எங்கேயாவது கொண்டுபோய்விடுவார்கள் என்ற பயம். தறிக்குழியும் படுக்கையும் ஒரே கூடத்தில் இருக்கும் நெசவாளர் வீட்டில் இருமலை எங்கே ஒளிப்பது? பக்கத்துத் தெருவில் ஒரு அம்மாள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இருமினாராம். அவர் மகள் பிறகு சொன்னாள். ஐந்து மாதம் கழித்துச் சளியைப் பரிசோதித்தபோது டி.பி. என்று தெரிந்தது. அதற்குள் பேரனுக்கும் தொற்றியிருந்தது.

காசநோயை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்று உலகுக்குக் காட்டியது நம் சென்னைதான். 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு மையத்தில், வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவரின் மேற்பார்வையில், ஏறக்குறையப் பாதிப் பேருக்குச் சானடோரியத்திலும் மற்றவர்களுக்கு அவரவர் வீட்டிலும் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். 1959இல் முடிவு வெளியானது. இரு பக்கமும் பலன் ஏறத்தாழ ஒன்றே. வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்துக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. படுக்கைக்குக் காத்துக் கிடக்க வேண்டிய அவசியம் போயிற்று. ஆனால் மாதக்கணக்கில் நோயாளி தவறாமல் வரவேண்டும், இல்லாவிட்டால் ஊழியர் தேடிப் போகவேண்டும். ஊரடங்கு வெட்டியது இந்தப் போக்குவரத்தைத்தான்.

பி.சி.ஜி. தடுப்பூசி இருக்கிறதே என்பார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பசீல் கல்மெத்-கெரேன் என்று அந்த மூன்று எழுத்தின் விரிவை எங்களுக்குப் பெருமையோடு சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பெருமையில் கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டும். 1968இல் தொடங்கி, நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் லட்சக்கணக்கானோரிடம் நடந்த சோதனையில், பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்றே தெரிந்தது. குழந்தைகளுக்கு வரும் கடுமையான வகைகளுக்கு அது உதவும், அவ்வளவே. ஆக, இருமுகிறவரைக் கண்டுபிடித்து மருந்து கொடுப்பதை விட்டால் வேறு வழியில்லை.

2020இல் கண்டுபிடிக்க ஆள் இல்லை. காசநோய் ஊழியர்கள் கொரோனாப் பணிக்குப் போனார்கள். காசநோயைக் கண்டறியப் பயன்பட்ட ட்ரூநாட் கருவியும் கொரோனாப் பரிசோதனைக்குப் போயிற்று. ஒரு மாத மாத்திரையை மொத்தமாகக் கொடுத்தனுப்பச் சொன்னது மத்திய அரசு. நல்ல யோசனைதான், ஏற்கெனவே பெயர் பதிவானவர்களுக்கு.

விளைவு கணக்கில் தெரிந்தது. இந்தியாவில் 2019இல் பதிவான காசநோயாளிகள் 24.04 லட்சம், 2020இல் 18.05 லட்சம். பதிவேட்டில் வரி குறைந்தால் ஊரில் ஆள் குறைந்ததாக அர்த்தமில்லை என்பது என் போன்ற எந்தக் குமாஸ்தாவுக்கும் தெரியும். அந்த ஆறு லட்சம் பேரில் பெரும்பாலோர் எங்கோ இருமிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். உலக அளவிலும் புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் 71 லட்சத்திலிருந்து 58 லட்சமாகக் குறைய, சாவோ பத்தாண்டுகளுக்கும் மேலாக இல்லாதபடி ஏறியது. இந்தியக் கணக்கு 2019இன் அளவைத் திரும்பத் தொட 2022 ஆயிற்று.

அதே 2022 ஏப்ரலில் காசநோய் இறப்பில்லாத் திட்டம் தமிழ்நாட்டில் தொடங்கியது. நோய் உறுதியானதுமே எடை, மூச்சு, கால் வீக்கம், உதவியின்றி நிற்க முடிகிறதா என்று பார்த்து, நிலைமை மோசமானவர்களை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். விரலில் ஆக்சிமீட்டரும் மாட்டிப் பார்க்கிறார்கள். அதை நம் வீடுகளுக்குள் கொண்டுவந்தது கொரோனாதான். எங்கள் வீட்டு அலமாரியிலும் ஒன்று இருக்கிறது, பேட்டரி தீர்ந்து.