குருந்து

குருந்து, எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்த முள்ளுள்ள சிறு காட்டு மரம். தாவரவியற் பெயர் அட்லான்டியா மோனோஃபில்லா. காட்டெலுமிச்சை, காட்டுநாரத்தை என்றும் வழங்கும். இப்பெயர்கள் அதே குடும்பத்தின் வேறு மரங்களையும் குறிப்பதால், பழைய குறிப்புகளைக் கவனத்துடன் கையாள வேண்டும். இந்தியத் தீபகற்பம், இலங்கை, மியான்மர், தாய்லாந்து ஆகிய இடங்களில் இயற்கையாக வளர்கிறது. தமிழகத்தில் கோடியக்கரை போன்ற, கிழக்குக் கரையை ஒட்டிய உலர் பசுமைமாறாக் காடுகளில் மிகுதி.

இலை தனித்தது, தோல்போல் தடித்தது. நுனியில் சிறு வெட்டு இருக்கும். கசக்கினால் எலுமிச்சை மணம் வரும். பூ வெண்மையானது; மகரந்தத்தாள்களின் காம்புகள் ஒன்றுகூடிக் குழல்போல் அமைந்திருக்கும். காய் உருண்டையானது, நெல்லிக்காயளவு. உள்ளே எலுமிச்சையைப் போலவே சுளைகள் உண்டு, சாறுதான் சொற்பம்.

இம்மரத்தைப் பற்றிய செய்திகளில் பெரும்பகுதி பழந்தமிழ் இலக்கியத்திலிருந்தே கிடைக்கிறது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு அடுக்கிச் சொல்லும் பூக்களில் குருந்தும் ஒன்று. ஆயினும் இது பெரிதும் முல்லை நிலத்து மரமாகவே காட்டப்படுகிறது. கலித்தொகையின் முல்லைப் பகுதியில், ஏறு தழுவ வரும் ஆயர் கொன்றை, காயா, வெட்சி, பிடவு, தளவு ஆகியவற்றோடு குருந்தம்பூவையும் சேர்த்துக் கண்ணி சூடுகின்றனர். காளையின் கொம்புக்கு எதிரே போகிறவன் பூத் தேர்ந்து சூடிச் சென்றான் என்பது நினைவில் வைக்கத் தக்கது. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவை, குருந்தை முறித்தவனாக மாயவனை (கண்ணனை)ப் பாடுகிறது. அசுரன் ஒருவன் அம்மரமாக நின்றான் என்பது உரை மரபு. அகநானூற்றின் 59ஆம் பாட்டில், நீராடிய ஆயர் மகளிருக்காகத் தொழுநை (யமுனை) ஆற்றங்கரையில் மாயோன் மிதித்து வளைத்தது வெறும் ‘மரம்’ என்றே உள்ளது. அதைக் குருந்து எனக் கொள்வது பிற்கால விளக்கம். ஆயர் மகளிரின் ஆடையைக் கண்ணன் கவர்ந்த கதையைச் சொல்லும் பாகவத புராணம் கடம்பைக் கூறுகிறது. இவ்விரு கதைகளும் ஒரே மூலத்தினவா என்பதில் கருத்தொற்றுமை இல்லை.

சைவ மரபில் குருந்து, ஆவுடையார்கோயில் எனப்படும் திருப்பெருந்துறையின் தலமரம். பாண்டியனுக்குக் குதிரை வாங்கச் சென்ற மாணிக்கவாசகர், குருந்த மரத்தடியில் குருவாக வீற்றிருந்த சிவனிடம் உபதேசம் பெற்றார் என்பர். அவர் காலத்தை 3ஆம் நூற்றாண்டு முதல் 9ஆம் நூற்றாண்டு வரை பலவாறு குறித்துள்ளனர். 9ஆம் நூற்றாண்டு என்போரே மிகுதி.

1771இல் லின்னேயஸ் இதை லிமோனியா இனத்தில் வைத்தார். அட்லான்டியா என்னும் பேரினத்தை 1805இல் போர்த்துகீசியரான கொரேயா ஏற்படுத்தினார். 20ஆம் நூற்றாண்டில் தாவரவியலாளர் ஸ்விங்கில் வகுத்த முறையில் இது நாரத்தை இனத்துக்கு நெருங்கிய உறவாக வைக்கப்பட்டது.

காயை ஊறுகாய் போடுவதுண்டு. காயிலிருந்து எடுக்கும் எண்ணெய் வாத வலிக்கு மேற்பூச்சு. மஞ்சள் நிறமான மரம் கடினமானது, நெருங்கிய இழையுடையது. கடைசல் வேலைக்கு ஏற்றது. பருமனான மரம் அரிதாகையால் பெரிய வேலைகளுக்கு உதவாது. தோட்டப் பயிராக இது வளர்க்கப்படுவதில்லை. கோயில்களில் தலமரமாக நடுவதும், அழிந்த உலர் காடுகளை மீட்கும் பணிகளில் பிற உள்நாட்டு மரங்களோடு சேர்த்து நடுவதும் உண்டு. மகாராஷ்டிரத்தின் மாநிலப் பட்டாம்பூச்சியான புளூ மார்மனின் புழுக்கள் தின்னும் இலைகளுள் அட்லான்டியா இன மரங்களின் இலைகளும் அடங்கும்.