தகட்டுக்குள் இருந்த மரம்

கரூரில் பேருந்துக்கும் நாமக்கல்லில் லாரிக்கும் 'பாடி கட்டும்' பட்டறைகளைப் பார்த்தவர்களுக்கு, நூறு ஆண்டுகளுக்கு முந்தைய கார் தொழில் எளிதில் புரியும். இயந்திரமும் சக்கரமும் கொண்ட சேஸிஸ் ஓரிடத்தில் வாங்கப்படும். உடல் வேறிடத்தில் கட்டப்படும். இரண்டாம் உலகப் போர் வரை ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனமே சேஸிஸை மட்டும்தான் விற்றது. உடலைக் கட்டித் தந்தவை பார்க்கர், ஹூப்பர் போன்ற லண்டன் பட்டறைகள். இரண்டுமே குதிரை வண்டி காலத்தில் பிறந்தவை. சென்னையிலும் இதே கதைதான். 1840இல் குதிரை வண்டி கட்டத் தொடங்கிய சிம்ப்சன் நிறுவனத்தில்தான் சாமுவேல் ஜான் கிரீன் 1903இல் நீராவிக் கார் ஒன்றைக் கட்டினார்.

வண்டி கட்டியவர்கள் தச்சர்கள். குதிரை போய் இயந்திரம் வந்தபோதும் அவர்கள் தங்கள் கைப்பழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. மரத்தால் எலும்புக்கூடு, அதன்மேல் தோலாக இரும்பு அல்லது அலுமினியத் தகடு. தகட்டின் ஓரத்தை மரத்தின்மேல் மடித்துச் சிறு ஆணிகளால் அடிப்பார்கள். வெளியே பார்த்தால் உலோகக் கார். உள்ளே அது ஒரு தச்சு வேலை.

இங்கிலாந்தில் இதற்குப் பெரும்பாலும் ஆஷ் மரம் பயன்பட்டது. கோடரிக் காம்புக்கும் கிரிக்கெட் ஸ்டம்புக்கும் இதே மரம்தான். நார் நேராக ஓடும். அதிர்ச்சியைத் தாங்கி வளைந்துகொடுக்கும். ஓக் இன்னும் உறுதியானது, ஆனால் அதிலுள்ள அமிலம் இரும்பு ஆணிகளை அரித்துவிடும். ஆஷ் மரத்துக்கும் ஒரு பலவீனம் உண்டு: ஈரம் நின்றால் விரைவில் உளுத்துவிடும்.

மரத்தை வெளியேற்றியது அமெரிக்கா. பிலடெல்பியாவின் எட்வர்ட் பட் முழுக்க எஃகால் செய்த திறந்த கார் உடல்களை, 1914இல் டாட்ஜ் சகோதரர்கள் தங்கள் முதல் காருக்கு எடுத்துக்கொண்டார்கள். மூடிய கார்களில் மரம் இன்னும் இருபது ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. 1908இல் டெட்ராய்ட்டில் தொடங்கிய ஃபிஷர் நிறுவனம் ஜெனரல் மோட்டார்ஸுக்காக மரச்சட்ட உடல்களைக் கட்டிக் குவித்தது; அதன் சின்னமே ஒரு குதிரை வண்டி. கூரை முழுவதையும் மூடும் அளவுக்கு அகலமான எஃகுத் தகடு கிடைக்காததால், கூரையின் நடுப்பகுதியை மரச்சட்டத்தின்மேல் துணி போர்த்தி மூடினார்கள். 1935ஆம் ஆண்டு மாடல்களில் ஒரே தகட்டில் அழுத்திய எஃகுக் கூரை வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மரம் அங்கிருந்து விடைபெற்றது.

ஆனால் நமக்கு நன்கு தெரிந்த ஒரு குடும்பத்தில் அது தங்கிவிட்டது. 1948இல் அறிமுகமான, அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த மாரிஸ் மைனர்தான் அது. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் நம் முந்தைய தலைமுறை ஓட்டிய மைனர் முழு எஃகு உடல் கொண்டது. அதன் உறவான 'டிராவலர்' 1953இல் வந்தது: முன்பாதி எஃகு, பின்பாதி ஆஷ் சட்டமும் அலுமினியத் தகடும். 1971 வரை இரண்டு லட்சத்துக்கும் மேல் உற்பத்தியானது. பிற்காலத்து மினி டிராவலரில் ஒட்டியிருந்த மரம் வெறும் அலங்காரம். மைனரில் அப்படியல்ல; கண்ணாடியையும் கதவையும் கூரையையும் தாங்குவது அந்த மரமே. அதனால்தான் மரம் உளுத்த டிராவலர்கள் பிரிட்டனின் எம்.ஓ.டி. சோதனையில் தேறாமல் திரும்பின.

அதைப் புதுப்பிப்பவர் முதலில் கற்பது பொறுமை. ஈரம் தங்கும் கீழ்ச்சட்டம், சக்கர வளைவு, கதவுகளின் அடிப்பகுதி ஆகியவை முதலில் கெடும். இரு பக்கத்தையும் ஒருசேரக் கழற்றினால் கூரையும் கதவும் தம் இடம் மறந்துவிடும். எனவே ஒரு பக்கம் முடிந்த பிறகே மறுபக்கம். டிராவலருக்குத் தயாராக வெட்டிய மரத்தொகுதிகள் விற்பனைக்குக் கிடைக்கின்றன. போருக்கு முந்தைய, கையால் கட்டிய கார்களுக்கு அந்த வசதி இல்லை. வரைபடமும் இருக்காது. உளுத்த துண்டுதான் வரைபடம்: அதன் வளைவு, ஆணித் துளை, பொருத்தின் ஆழம் எல்லாம் அதில் எழுதியிருக்கும். ஒரு பக்கத்தைப் பார்த்து மறுபக்கத்தைச் செய்யலாம் என்றால், கையால் கட்டிய உடலில் இடமும் வலமும் அச்சாக ஒத்திருப்பதில்லை. கெட்ட பகுதியை மட்டும் சரிவாக வெட்டிப் புது மரத்தை ஒட்டினால், பழையதில் பாதியாவது மிஞ்சும்.

பாதிகூட மிஞ்சாவிட்டால்? இந்தக் கேள்வி 1990இல் லண்டன் உயர் நீதிமன்றத்துக்கே போனது. 1929, 1930 இரு ஆண்டுகளிலும் லெ மான் பந்தயத்தை வென்ற 'ஓல்டு நம்பர் ஒன்' என்ற பென்ட்லி காரை ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்பந்தம் செய்தவர்கள், இது அந்தக் காரே இல்லை என்று பின்வாங்கினார்கள். உண்மையில் வென்ற நாளின் பாகங்கள் அதில் மிகச் சிலவே. நீதிபதி ஆட்டன் இரண்டு சொற்களைப் பிரித்துப் பார்த்தார். 'அசல்' என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் அது நகலும் அல்ல. ஒவ்வொரு மாற்றமும் அந்தக் காரின் தொடர்ச்சியான வாழ்க்கைக்குள்ளேயே நடந்தது. எனவே அது மெய்யான 'ஓல்டு நம்பர் ஒன்'. விற்றவர் வென்றார்.

ஊரை விட்டு வந்து, மொழியிலும் உணவிலும் ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொண்டவர்களுக்கு இந்தத் தீர்ப்பு அந்நியமாக இராது. 'இன்னும் அசல் தமிழரா?' என்று நம் பிள்ளைகளைக் கேட்பவர்கள் தவறான சொல்லை எடுத்துக் கேட்கிறார்கள்.

புதுச் சிக்கல் ஒன்று மரத்துக்கே வந்திருக்கிறது. 2002இல் டெட்ராய்ட் அருகே கண்டறியப்பட்ட ஆசிய வண்டு ஒன்று வட அமெரிக்காவில் கோடிக்கணக்கான ஆஷ் மரங்களை அழித்தது. பிரிட்டனில் 2012இல் உறுதியான ஒரு பூஞ்சை நோய், அங்குள்ள ஆஷ் மரங்களில் 80 விழுக்காடு வரை கொல்லக்கூடும் என்று கணிக்கிறார்கள். இன்றும் ஆஷ் சட்டத்தில் கார் கட்டும் மால்வெர்னின் மார்கன் நிறுவனத்துக்கும், ஷெட்டில் டிராவலர் வைத்திருப்பவருக்கும் இது ஒரே கவலை. நாளை வேறு மரம் தேட வேண்டியிருக்கலாம். அப்போதும் வளைவும் பொருத்தும் தெரிய, கழற்றிய பழைய துண்டு கையில் இருக்க வேண்டும். அனுபவப்பட்டவர்கள் அதற்குச் சீட்டு கட்டிப் பத்திரப்படுத்துகிறார்கள், அடுப்பில் போடுவதில்லை.