சிவமணியின் சூட்கேஸும் நீல் பியர்ட்டின் மணிகளும்

புதுச்சேரியில் டிரம்ஸ் வாசிக்கும் பிள்ளைகளிடம் பேசினால் பேச்சு சீக்கிரமே சாமான்களுக்கு வந்துவிடும். கோயில் திருவிழாக் கச்சேரிக்குப் போகிறவருக்கு ரிதம் பேடை மாற்ற வேண்டும். ஜூன் 21 அன்று அலியான்ஸ் பிரான்சேஸ் நடத்தும் இசைத் திருநாளில் ராக் வாசிக்கக் காத்திருப்பவருக்கு இன்னொரு சிம்பல் வேண்டும். இரட்டைப் பெடலுக்குப் பணம் சேர்க்கிறவரும் உண்டு. அடுத்து எதை வாங்குவது என்ற இந்தக் கேள்வியை நான் பெரிதாக மதிக்கிறேன். ஒரு டிரம்மரின் காது எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை அவர் வாங்குகிற சாமானே சொல்லிவிடும். அந்தத் திருப்பங்களை ஒரு முழுத் தொழில் வாழ்க்கைக்கும் நீட்டிப் பார்க்க இருவரை எடுத்துக்கொள்கிறேன். ஒருவர் கனடாவின் ரஷ் இசைக்குழுவில் வாசித்த நீல் பியர்ட். மற்றவர் சென்னையின் ‘டிரம்ஸ்’ சிவமணி.

இருவரும் ஏறக்குறைய ஒரே காலத்தவர்கள். இருவரைச் சுற்றியும் சாமான்கள் மலைபோல் குவிந்தன. நடுவழியில் இருவருமே மின்னணு இயந்திரத்தை எதிர்கொண்டார்கள். அதற்கு அவர்கள் தந்த பதில்கள்தான் நேர் எதிரானவை.

ஒரு குழு, ஓராயிரம் கால்ஷீட்

பியர்ட் 1952இல் ஒன்டாரியோ மாகாணத்து ஹாமில்டனில் பிறந்தார். 1974 ஜூலையில் ரஷ் குழுவில் சேர்ந்தார். கெடி லீ, அலெக்ஸ் லைஃப்சன், பியர்ட் என்ற அந்த மூவர் 2015 வரை மாறவே இல்லை. நாற்பது ஆண்டுகளும் அதே குழு, வளர்ந்துகொண்டே போன அதே பாடல் வரிசை, ஆண்டுக்கணக்கில் ஊர் ஊராகச் சுற்றுப்பயணம். தன் கருவிகளைத் தானே தீர்மானித்து, அவற்றை லாரிகளில் ஏற்றி, ஒவ்வொரு ஊரிலும் அங்குலம் பிசகாமல் அதே இடத்தில் நிறுத்த அவரால் முடிந்தது. அதற்கென்றே உடன் வரும் தொழில்நுட்ப உதவியாளரும் இருந்தார். 2000களில் அந்த வேலையைப் பார்த்தவர் லோர்ன் வீட்டன்.

சிவமணி 1959இல் சென்னையில் பிறந்தார். அப்பா எஸ். எம். ஆனந்தன் சினிமா இசையில் தாளக் கருவி வாசித்தவர். சிறுவயதிலேயே குச்சியைப் பிடித்த மகன், கே. வி. மகாதேவன் காலத்திலேயே ஸ்டூடியோவுக்குள் வந்துவிட்டார். எஸ். பி. பாலசுப்ரமணியம் அவரை மேடைக் கச்சேரிகளுக்கு அழைத்துப்போய் ஆதரித்தார். அன்றைய சென்னை ஒலிப்பதிவுக் கூடத்தில் டிரம்மருக்கு இன்ன பாணிதான் என்று கிடையாது. காலையில் ஒரு இசையமைப்பாளருக்குக் கிராமியப் பாட்டு, பிற்பகலில் இன்னொருவருக்கு கிளப் டான்ஸ், நடுவே ஒரு சண்டைக் காட்சியின் பின்னணி இசை. அன்று என்ன கேட்கிறார்களோ அதை அன்றே தர வேண்டும். முழு ஆர்கெஸ்ட்ராவும் ஒரே டேக்கில் வாசித்த அந்தக் காலத்தில், ஒருவர் தடுக்கினால் எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

ஆக, பியர்ட்டுக்குத் தன் இசை முன்கூட்டியே தெரியும். சிவமணிக்குத் தெரியாது. இருவரின் சாமான்களும் இரண்டு வழியாகப் பிரிந்ததற்கு வேர் இங்கே இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

சேர்க்கும் காலம்

ரஷ் குழுவில் சேர்ந்த கையோடு பியர்ட் வாங்கியது ஸ்லிங்கர்லாண்ட் நிறுவனத்தின் குரோம் பூச்சு டிரம் செட். இரண்டு பாஸ் ட்ரம் கொண்டது. சில ஆண்டுகளில் அதன் ஓரங்களில் வேறு சாமான்கள் முளைக்கத் தொடங்கின. அடியில் தோல் இல்லாத சிறிய கான்செர்ட் டாம்கள், மரத்தாலான டெம்பிள் பிளாக், குளோக்கன்ஸ்பீல், தொங்கும் குழல் மணிகள். 1977இல் வந்த ‘சனடு’ பாடலில் இவையெல்லாம் தேவைப்பட்டன. குழுவில் மூன்றே பேர். பாட்டோ ஒரு சிம்பொனிக்குரிய விரிவைக் கேட்டது. கெடி லீ பாடிக்கொண்டே பாஸ் கிட்டாரும் வாசித்து, காலால் சின்தசைசரையும் இயக்கினார். மணி அடிக்கத் தனி ஆள் கிடையாது. டிரம்மர் குச்சியை வைத்துவிட்டுச் சுத்தியலை எடுத்து மணியை அடித்து, அடுத்த சுற்றுக்குள் குச்சிக்குத் திரும்பியாக வேண்டும். அவர் சேர்த்தது ஆடம்பரத்துக்காக என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. இல்லாத நான்காவது, ஐந்தாவது ஆட்களின் வேலையை அந்தச் சாமான்கள் செய்தன.

சிவமணியின் பக்கம் சேர்ந்தவை வேறு வகை. டிரம் செட்டோடு கஞ்சிரா, கடம், உடுக்கை, அரபு நாட்டு தர்புகா, ஆக்டோபான். கடைசியில் சொன்னது ஜப்பானின் டாமா நிறுவனம் 1970களின் பிற்பகுதியில் கொண்டுவந்த கருவி. ஆறு அங்குல விட்டமுள்ள எட்டுக் குழாய்கள். விட்டம் ஒன்றே, நீளம் மட்டும் மாறும். நீளத்துக்கேற்ப சுருதி ஏறி இறங்கும். அதை முதலில் கையிலெடுத்தவர்களில் ஒருவர் பில்லி கோபாம். சிவமணி தன் ஆதர்சமாகச் சொல்லும் பெயர்களில் கோபாமும் உண்டு, சென்னை ஸ்டூடியோக்களில் வாசித்த நோயல் கிராண்ட்டும் உண்டு.

இந்தக் கருவிகளைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு ஒரு வித்தியாசம் உடனே தெரியும். 1957 வாக்கில் அமெரிக்காவில் மைலார் பிளாஸ்டிக் தோல் சந்தைக்கு வந்த பிறகு, டிரம் செட் மழைக்கும் வெயிலுக்கும் அவ்வளவாக அசைந்து கொடுப்பதில்லை. சாவியால் முறுக்கினால் சுருதி நிற்கும். கஞ்சிரா அப்படியல்ல. வாசிப்பதற்கு முன் தோலின் உட்புறம் விரலால் தண்ணீர் தடவ வேண்டும். தண்ணீர் ஊற ஊறத் தோல் தளர்ந்து, உயரத்தில் ‘டக்’ என்று வெடித்த ஓசை கீழே இறங்கி உறுமத் தொடங்கும். விளக்குச் சூட்டிலும் காற்றிலும் அது மெல்லக் காய்ந்து மறுபடி ஏறும். வாசிப்பவர் அந்த ஏற்றத்தை விரல் அழுத்தத்தாலேயே சமாளிப்பார். உடும்புத் தோல்தான் மரபு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் ஆட்டுத் தோல் அந்த இடத்துக்கு வந்தது. கடத்தில் சுருதியைத் திருத்தவே வழி குறைவு. வேண்டிய சுருதிக்கு வேறு கடம்தான் எடுக்க வேண்டும். இப்படிப்பட்ட கருவிகளோடு பழகிய கை, எந்தப் பொருளையும் ‘இதற்குள் என்ன ஓசை இருக்கிறது’ என்று தட்டிப் பார்க்கும். சிவமணியின் பிற்காலத்துக்கு இந்தப் பழக்கம் முக்கியம்.

இயந்திரம் வந்தபோது

1981இல் இங்கிலாந்தின் சிம்மன்ஸ் நிறுவனம் அறுகோண வடிவ மின்னணு டிரம்மை வெளியிட்டது. 1985இல் ரோலண்ட் நிறுவனத்தின் ஆக்டோபேட் வந்தது. 1986இல் ‘புன்னகை மன்னன்’ படத்தில் இளையராஜா சீக்வென்சரைப் பயன்படுத்தினார். 1992இல் ஏ. ஆர். ரகுமானின் ‘ரோஜா’ வந்தபின், கணினியில் அடுக்கப்பட்ட தாளம் தமிழ் சினிமாவின் அன்றாடமாகிவிட்டது. ஒரே டேக்கில் வாசித்த பெரிய குழுக்கள் மெல்லக் கலைந்தன.

பியர்ட் இயந்திரத்தை உள்ளே அழைத்தார். 1984ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணத்தில் அவருக்கு முன்னால் வழக்கமான டிரம் செட், முதுகுக்குப் பின்னால் சிம்மன்ஸ் பேட்கள். பாட்டின் நடுவே இருக்கையில் திரும்பி உட்கார்ந்து அந்தப் பக்கம் வாசிப்பார். பின்னாளில் மேடையே சுழன்றது. அடுத்த கட்டம் இன்னும் கவனிக்கத்தக்கது. மணிகளையும் குளோக்கன்ஸ்பீலையும் சாம்பிள்களாகப் பதிவு செய்து, மேலட்காட் என்ற மின்னணுப் பலகையில் ஏற்றிக்கொண்டார். முன்பு சுற்றிலும் தொங்கிய உலோகங்கள் ஒரு சிறு பலகைக்குள் அடங்கின. இடம் மிஞ்சியது. கை எட்டும் தூரம் குறைந்தது. ஒரே தட்டுக்குள் பத்து வகை ஒலி வந்தது. தான் தேடிச் சேர்த்த பொருள்களின் ஓசையை வைத்துக்கொண்டு பொருளை மட்டும் விட்டுவிட்டார்.

சிவமணிக்கு இயந்திரம் தூரத்துச் செய்தியாக வரவில்லை. ஏ. ஆர். ரகுமான் கீபோர்டு வாசித்த ரூட்ஸ் குழுவில் ஜான் ஆண்டனி, சுரேஷ் பீட்டர்ஸ், ஜோஜோ, ராஜா ஆகியோரோடு அவரும் இருந்தார். தமிழ் சினிமாவின் தாளத்தைக் கணினிக்கு மாற்றிய மனிதர் அவருடைய இளமைக்கால நண்பர். நண்பரின் பாடல்களிலும் உலக மேடைகளிலும் சிவமணியின் கை தொடர்ந்து ஒலித்தது. இயந்திரத்தோடு அவருக்குப் பகை இல்லை. ஆனால் அவர் மேடையில் இயந்திரத்திடம் இல்லாததைத் தேடிப் போனார். பயணப் பெட்டி, பிளாஸ்டிக் தண்ணீர் கேன், வாளி, தட்டு, சங்கு. டிரம் செட்டை விட்டு எழுந்து வந்து சூட்கேஸின் மேல் குச்சியை வீசும் சிவமணியைப் பார்க்காத தமிழ் ரசிகர் குறைவு.

இதை வேடிக்கை வித்தை என்று ஒதுக்குகிறவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. சூட்கேஸை நன்றாகக் கேட்டால் அது முழு டிரம் செட். மூடியின் நடுவில் அடித்தால் உள்ளே அடைபட்ட காற்று பாஸ் ட்ரம் போல முழங்கும். ஓரத்தில் அடித்தால் ஸ்நேர் போல வெட்டும். பூட்டின் மேல் பட்டால் உலோகம் கிணுங்கும். தண்ணீர் கேனில் தண்ணீர் இருக்கும் அளவுக்கேற்ப ஓசை மாறும். எந்தக் கடையிலும் இந்த ஒலிகள் ‘டோன்’ என்று கிடைக்காது. கிடைத்தாலும், அடிக்கும் இடம் ஒரு விரல்கடை நகர்ந்தால் ஒலி மாறும் அந்த நுட்பம் அதில் இராது. கஞ்சிராத் தோலின் ஈரத்தோடு வாழ்ந்த கைக்கு இது இயல்பான அடுத்த அடி.

நடுவயதில் மறுபடி மாணவர்

இருவருக்கும் 1990களில் ஒரு திருப்பம் வந்தது. சிவமணி 1990இல் மும்பை ரங் பவனில் ஜாகிர் உசேனோடும் திரிலோக் குர்துவோடும் மேடையேறினார். சினிமா ஸ்டூடியோவுக்கு வெளியே அவரை நாடறியச் செய்த மேடை அது. குர்து தரையில் மண்டியிட்டு அமர்ந்து, தபலாவையும் டிரம்ஸையும் ஒன்றாகக் கலந்து வாசிப்பவர். சிம்பலைத் தண்ணீர் வாளியில் அமிழ்த்தி ஓசையை வளைப்பவர். மேற்கத்திய டிரம் செட்டை நம் உடலுக்கும் தாளத்துக்கும் ஏற்றபடி பிரித்து அடுக்கலாம் என்பதற்கு அவரே சாட்சி.

பியர்ட் 1990களின் நடுவில், உலகமே அவரை ஆசானாகக் கொண்டாடிய நேரத்தில், ஃப்ரெடி க்ரூபர் என்ற முதிய ஆசிரியரிடம் போய்ப் பாடம் கேட்டார். குச்சியைப் பிடிக்கும் விதம் மாறியது. உட்காரும் உயரம், டிரம்களின் கோணம் எல்லாம் அதற்கேற்ப மாறின. 1996ஆம் ஆண்டு ஆல்பத்தில் டிடபிள்யூ நிறுவனத்தின் செட்டுக்கு வந்தார். ஆனால் அந்த ஆண்டுகளில் மாறிய முக்கியமான சாமான் அவருடைய மணிக்கட்டு என்றே சொல்வேன். சிவமணி பொருளைத் தேடி வெளியே போன அதே காலத்தில் பியர்ட் தன் உடம்புக்குள் தேடினார்.

கடைசிச் சுற்று

2015இல் ரஷ் குழுவின் நாற்பதாண்டு நிறைவுச் சுற்றுப்பயணம் நடந்தது. பாடல்கள் புதியதிலிருந்து பழையதுக்குப் பின்னோக்கிப் போயின. முதல் பாதிக்கு, ஆற்றுக்குள் புதைந்து கிடந்த 1,500 ஆண்டுப் பழமையான ருமேனிய ஓக் மரத்தில் செய்த செட். இரண்டாம் பாதிக்கு 1970களின் செட்டை நினைவூட்டும் இன்னொன்று. இரண்டு பாஸ் ட்ரம் திரும்பி வந்தன. பலகைக்குள் போன குழல் மணிகளும் உலோகமாகவே திரும்பி வந்தன. ஆகஸ்ட் 1 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் கடைசி நிகழ்ச்சி. 2020 ஜனவரி 7இல் பியர்ட் காலமானார்.

சாம்பிள் ஒலி கையில் தயாராக இருக்கும்போது உண்மையான மணியை ஏன் மேடையேற்ற வேண்டும்? பார்வைக்காகவும் இருக்கலாம். ஆனால் சுத்தியலை ஓங்கிக் காத்திருக்கும் அந்த ஒரு கணமும் இசையின் பகுதிதான் என்று நான் நம்புகிறேன். பலகையைத் தட்டும் கைக்கு அந்த ஓங்கல் தேவைப்படாது. சிவமணி என்றுமே விடாத ஒன்றை பியர்ட் கடைசியில் திரும்ப எடுத்துக்கொண்டார். 2019இல் சிவமணிக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது, சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானம் வரை தாளத்தைக் கொண்டுபோன ஒரு கைக்குக் கிடைத்த மரியாதையாக அதைப் பார்த்தேன்.

நம் ஊருக்கு

இந்த ஒப்பீடு புதுச்சேரிக்கு ஏன் வேண்டும்? இங்கே திருவிழா மேடைகளில் முழு டிரம் செட் அருகிவிட்டது. கடற்காற்றில் குரோம் துருப்பிடிக்கும், ஏற்றி இறக்க ஆள் வேண்டும், மேடையில் இடம் வேண்டும். ஒரே ரிதம் பேடில் தபலா, டோலக், தவில், பம்பை, உறுமி எல்லாம் டோன்களாக வந்துவிடுகின்றன. கூலி கட்டுப்படியாகாத குழு என்ன செய்யும்? பேட் வாசிப்பவரைக் குறை சொல்ல மாட்டேன். குறைந்த ஆட்களோடு நிறைந்த ஓசை தர பியர்ட் எடுத்த அதே வழி அது.

ஆனால் பியர்ட் முதலில் மணியை மணியாகவே அடித்துப் பழகினார். அதன் கனமும் அதிர்வு அடங்க ஆகும் நேரமும் அவர் கைக்கே தெரியும். பிறகுதான் அதைப் பலகையில் ஏற்றினார். நம் பிள்ளைகளில் பலர் தவிலைத் தொடாமலே தவில் டோனை வாசிக்கிறார்கள். அங்கே ஒரு படி விடுபட்டுப் போகிறது. அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது. ஒவ்வொரு கோயில் வாசலிலும் தவிலும் பம்பையும் வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். பேடை மாற்ற வைத்திருக்கும் பணத்தில் ஒரு பங்கை எடுத்து அவர்களிடம் சில மாதம் கற்றுக்கொள்ளச் சொல்வேன். அதன்பின் எந்தச் சாமானை வாங்குவது என்பதைக் காதே சொல்லும். அப்போது வாங்கும் பேடும் இன்னும் நன்றாகவே ஒலிக்கும்.